பதினாறாம் நாள் கேட்ட பெண்

எய்யா,

முதலில் சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வயிறு காலியாக இருந்தால் உனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது உன் அப்பாவிடமிருந்து வந்தது, நான் ஒன்றும் செய்வதற்கில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தரம் சொல்லி வைத்துவிடுகிறாய். அதோடு நம் வீட்டில் போன் அடித்தால் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா தன் வீட்டு டிவி சத்தத்தைக் குறைக்கிறாள். அதனால்தான் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. உனக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். இந்த விஷயத்துக்கு அது நல்லதுதான், அவசரமாகப் படித்துவிட முடியாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கும் ரேவதிக்கும் அடுத்த மாதம் வைக்க இருந்த நிச்சயத்தை நிறுத்தியாயிற்று. நிறுத்தியது மாமா இல்லை, ரேவதி இல்லை, நான். விக்ரோலி மாமா வீட்டிலிருந்து யாராவது மஸ்கட்டுக்குப் போன் போட்டு வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே. ஏன் நிறுத்தினேன் என்பதையும், இனி அது நடக்குமா நடக்காதா என்பதையும் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கலாம் என்று நினைக்காதே. நீ முன்பக்கங்களைப் படித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அதை அனுப்புவேன்.

அப்பா போன பிறகு நான் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனது உனக்குப் பிடிக்கவில்லை. "நான் அனுப்புறது பத்தலையாம்மா?" என்று கேட்டாய். பணத்துக்காகப் போகவில்லை எய்யா. வீட்டில் இருக்க முடியவில்லை. அவர் குறட்டை நின்ற பிறகுதான் நம் சந்து எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று எனக்குக் கணக்குத் தெரியும் இப்போது. டிவியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு நம் வீட்டிலிருந்து பதில் சொல்ல ஆளில்லை. அவர்கள் பாட்டுக்கு வாசித்துவிட்டுப் போகிறார்கள். அதனால் மணி அடிக்கவும், தண்ணீர் பிடித்து வைக்கவும், சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடவும் போனேன்.

அங்கே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு நாள் புது வகுப்பு ஒன்று வைத்தார்கள். மாட்டுங்காவிலிருந்து மீரா டீச்சர் என்று ஒரு பெண் வரும். ஒல்லியாக, தோளில் ஜோல்னாப் பையோடு, பார்த்தால் அதுவே ஒன்பதாம் வகுப்பு மாதிரி இருக்கும். ஆணும் பெண்ணும் எப்படிப் பழகுவது, எது நல்ல உறவு, எது தொந்தரவு என்று சொல்லிக் கொடுப்பது அதன் வேலை. நம் தாராவியில் இது தெரிந்தால் சும்மா இருப்பார்களா? பெற்றவர்கள் பத்துப் பேர் வந்து ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார்கள். அவர் பயந்துபோய், "கதவு திறந்திருக்கும், வயசான அம்மா ஒருத்தர் பின்னாடி உக்காந்திருப்பாங்க" என்றார். அந்த வயசான அம்மா நான். பிள்ளைகள் கெட்டுப்போகாமல் காவல் காக்கக் கடைசி பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் டீச்சர் பலகையில் 'சம்மதம்' என்று எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டது. அந்தோணி என்ற பையன் எழுந்து, "கல்யாணத்துக்கு முன்னாடி பெரியவங்க உக்காந்து பேசிக்கிடுவாங்களே, அது டீச்சர்" என்றான். நான் பின்னாலிருந்து தலையாட்டினேன். எனக்கும் அதுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் குழாயடியில் எனக்காகக் கூட்டமே காத்திருந்தது. "ஏட்டி, இன்னைக்கு என்ன அசிங்கத்தச் சொல்லிக் குடுத்தா?" என்றாள் எஸ்தர் அக்கா.

"அசிங்கம் ஒண்ணும் இல்லக்கா. அடுத்தவன் பென்சில எடுக்கதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேக்கணும்னா."

"இதுக்கு எதுக்கு மாட்டுங்காலருந்து ஒரு டீச்சரு?"

"கேட்டு, அவன் மாட்டேன்னு சொல்லிட்டா, சண்ட போடாம, ஏன்னு கேக்காம, சும்மா வந்துரணுமாம்."

எஸ்தர் அக்கா நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அப்புறம் சொன்னாள், "அது நடக்கிற காரியமா?"

இரண்டாம் வாரம் பிள்ளைகளை எதிரெதிராக நிற்க வைத்தது டீச்சர். ஒருத்தர் மெதுவாக நடந்து வரவேண்டும், எதிரில் நிற்பவர், தனக்கு இதற்கு மேல் வந்தால் பிடிக்காது என்று தோன்றும்போது "நில்லு" என்று சொல்லவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஜோடி இல்லாமல் போகவே என்னை எழுப்பி நிறுத்தியது. அந்தப் பிள்ளை நடந்து வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. என் செருப்பு மேல் ஏறி நின்ற பிறகுதான் நின்றது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "அக்கா, நீங்க ஏன் நில்லுன்னு சொல்லல?" என்றது டீச்சர். "பிள்ள ஆசயா வருது, எப்படிம்மா நிப்பாட்ட?" என்றேன். சரி, என்னோடு கேண்டீனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள் என்றது. "வரமாட்டேன், தலவலிக்கு" என்றேன். "தலைவலி வேண்டாம் அக்கா. காரணம் இல்லாம சொல்லுங்க." என்னால் முடியவில்லை எய்யா. தலைவலி போனால் முட்டுவலி வந்தது, முட்டுவலி போனால் வீட்டில் ஆள் வருகிறார்கள் என்று வந்தது. காரணம் சொல்லாமல் மாட்டேன் என்றால் திமிர் என்றுதானே நம்மை வளர்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு "மாட்டேன்" சொல்லப் பழக்கினார்கள். அப்படியும் நான் பாஸாகவில்லை.

ஆனால் என்னைப் பிடித்துப் போட்டது மூன்றாம் வாரம்தான். லோக்கல் ட்ரெயினை வைத்து டீச்சர் பாடம் நடத்தியது. லேடீஸ் டப்பாவில் உட்கார்ந்திருப்பவளிடம் "எங்கே இறங்குற?" என்று கேட்டு, அவள் குர்லா என்றால் குர்லாவில் அந்த சீட்டு நமக்கு என்று சொல்லி வைப்போமே, அது. குர்லா என்று சொன்னவள் மனசு மாறி முலுண்டு வரை உட்கார்ந்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டது. "முடியப் பிடிச்சு இழுக்கணும் டீச்சர்!" என்று பெண் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரல். இறங்குகிற வரை அது அவள் சீட்டு, முதலில் சரி என்றதற்காக அப்புறம் மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றில்லை என்று டீச்சர் சொல்லச் சொல்ல, யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மணி அடிக்க எனக்கு நேரமாகிவிட்டது, அந்தச் சண்டை அத்தனை ருசி. அப்போது ஷபானா என்ற சின்னப் பெண் கேட்டது, "டீச்சர், எதிர்ல நிக்கிறவ அழுதுக்கிட்டே சீட்டு கேட்டா?" அந்தோணி உடனே, "எங்க அம்மா அப்படித்தான் வாங்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டுச் சொன்னது: "எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது, இல்லைன்னு சொல்ல வழியே இல்லாத இடத்துல ஒருத்தர்கிட்ட கேட்டா, அது கேக்கிறதே இல்லை. எடுத்துக்கிறது."

எனக்கு அப்பாவின் பதினாறாம் நாள் ஞாபகம் வந்துவிட்டது.

நீ கொள்ளி வைத்துவிட்டு அஞ்சாம் நாளே லீவு முடிந்து போய்விட்டாய், அதனால் நீ அதைப் பார்க்கவில்லை. உனக்குப் போனில் சொன்னதெல்லாம் "மாமா ரேவதியை உனக்குக் குடுக்கேன்னு சொல்லிட்டான்" என்பதுதான். நடந்தது இது. பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடி என்று மாமா சேலை கொண்டு வந்து என் தோளில் போட்டான். சொந்தம் எல்லாம் நம் சந்து முழுக்க நிற்கிறது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இந்தச் சேலய வச்சி நான் என்ன செய்ய? உன் மகளக் குடு எனக்கு" என்று கதறினேன். அவனும் கதறிக்கொண்டே, "உனக்கு இல்லாததாட்டீ, எடுத்துக்கோ" என்றான். எடுத்துக்கோ என்றான் எய்யா, ஏதோ பரணில் இருக்கிற பித்தளைக் குடத்தை மாதிரி. சுற்றி நின்றவர்கள் அதற்கும் சேர்த்து அழுதார்கள்.

ரேவதி அப்போது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றது. எல்லாரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். அது தலையைக் குனிந்து நின்றது. "பிள்ளை வெக்கப்படுது" என்று யாரோ சொன்னார்கள், எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதுதான் சம்மதம். வேறு யாரும் அதனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் உட்பட. முறைப்பெண் என்றால் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என்னையும் யாரும் கேட்கவில்லை, உன் அப்பா நல்லவராக அமைந்தார். லாட்டரி விழுந்தவள் ஊரில் எல்லாரையும் சீட்டு வாங்கச் சொல்கிற மாதிரிதான் நானும் இருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். உனக்குப் பதினேழு வயதில், நீ தினமும் ஒரு பெண் பிள்ளை வீட்டு பில்டிங் வாசலில் போய் நின்றாய். அதன் அம்மா நம் வீட்டுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். நான் என்ன செய்தேன்? "எம் பிள்ள ரோட்டுலதான நிக்கான், ரோடு என்ன உங்க அப்பன் வீட்டு ரோடா?" என்று சந்தே கூடும்படி சண்டை போட்டேன். நான் ஜெயித்தேன். அன்றைக்கு ராத்திரி உனக்கு ஆம்லெட் கூட போட்டுக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு சயான் ஆஸ்பத்திரிப் பக்கம் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதாம். ஒரு வருடம், மழையிலும். இது எனக்குப் போன மாதம்தான் உறைத்தது. அந்தப் பிள்ளையைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தேடிப் போவதும் திரும்ப வாசலில் நிற்பது போலத்தான் ஆகும். அதை நாம் இரண்டு பேரும் சுமந்துகொண்டு இருக்கவேண்டியதுதான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்ரோலிக்குப் போனேன். ரேவதியிடம் நேராகக் கேட்டுவிடுவது என்று. போனால் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான், மதினி கேசரி கிண்டினாள். நான் வாயைத் திறந்து, "ரேவதி, உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமாம்மா?" என்றேன். மதினி அடுப்பங்கரையிலிருந்து, "அவளுக்கு இஷ்டந்தான்" என்றாள். மாமா, "அதெல்லாம் ரொம்ப இஷ்டம்" என்றான். ரேவதி, "கேசரி சாப்புடுங்க அத்தை" என்றது. மூன்று பேரும் பதில் சொல்லிவிட்டார்கள், கேட்டவளுக்குப் பதில் கிடைக்கவில்லை. டீச்சர் இருந்திருந்தால் என்னைத் திரும்பக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கும்.

மறுநாள் காலையில் அது முலுண்டு ஆபீசுக்குப் போகும்போது நானும் கூடவே ட்ரெயினில் ஏறினேன். தாய் தகப்பன் இல்லாத இடம் என்று நினைத்தேன். லேடீஸ் டப்பாவை மறந்துவிட்டேன். நான் கேட்டு முடிக்கவில்லை, எதிரில் பூக்கூடையோடு இருந்த மராட்டிக்காரி என்ன விஷயம் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற தமிழ்க்காரம்மா ஒன்று அவளுக்கு எல்லாவற்றையும் ஹிந்தியில் சொல்லிவிட்டது, அப்பா செத்தது, கோடிச் சேலை, நீ மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் என்பது வரைக்கும். காஞ்சூர்மார்க் வருவதற்குள் டப்பா இரண்டாகப் பிரிந்துவிட்டது. கட்டிக்கொள், கல்ஃப் மாப்பிள்ளை என்று ஒரு பக்கம். அவசரப்படாதே, வேலையை விடாதே என்று ஒரு பக்கம். பாண்டூப்பில் ஏறினவளுக்கு மறுபடி முதலிலிருந்து கதை சொன்னார்கள். ரேவதி என் காதில், "அத்தை, பதினாறாம் நாள் கூட்டமே பரவால்ல" என்றது.

முலுண்டில் இறங்கி, பிளாட்பாரக் கோடியில் ஆளில்லாத பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன், "அன்னைக்கு நான் அழுதுக்கிட்டுக் கேட்டத நானே வாபஸ் வாங்கிட்டேன். அது இல்ல இனி. உங்க அப்பன்கிட்டயும் நான் சொல்லிக்கிடுதேன். இப்ப புதுசாக் கேக்கேன். எம் பிள்ளையக் கட்டிக்க உனக்கு இஷ்டமா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. உன் அத்தை எங்கயும் போயிர மாட்டேன்."

ரேவதி தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டது. "அன்னைக்கு வாளிப் பிடி கொதிச்சுது அத்தை. கீழ வச்சா சிந்திடும், எல்லாரும் என்னையே பாக்குறாங்க. எப்படா தலையத் திருப்புவாங்கன்னு குனிஞ்சு நின்னேன்" என்றது. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அப்புறம் உன்னைப் பற்றிச் சொன்னது. கெட்டதாக ஒன்றும் இல்லை. ஆனால் நீ தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறாயாம். மதியம் ஒரு மணிக்கு 'சாப்டியா' என்று கேட்கிறாயாம். அது வேலையில் இருந்து பதில் போடாவிட்டால் கேள்விக்குறியாகப் போடுகிறாயாம். "ஒரு நாளு பதினொண்ணு போட்டாரு அத்தை, அத்தான். நான் எண்ணிப் பாத்தேன். அப்புறம் எங்கப்பாவுக்குப் போன் போட்டு நான் ஏன் எடுக்கலன்னு கேட்டாரு." நீ அன்பாகத்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அதனிடமும் சொன்னேன். "அன்புதான் அத்தை. ஆனா ஆபீஸ்ல மேனேஜருக்கு ஒருக்கா, வீட்ல அம்மாவுக்கு ஒருக்கா, இவருக்கு ஒருக்கான்னு நாள் முழுக்க ஹாஜர் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றது.

பிறகு சொன்னது: "எனக்கு வேண்டாம் அத்தை. காரணம் கேக்காதீங்க."

எய்யா, என் தொண்டை வரைக்கும் நாற்பது கேள்வி வந்தது. வேறு யாராவது இருக்கிறார்களா, என் பிள்ளைக்கு என்ன குறை, கொஞ்சம் யோசித்துச் சொல்லேன், அவனோடு ஒரு தரம் பேசித்தான் பாரேன். வாயைத் திறந்தால் ஒன்றாவது விழுந்துவிடும் என்று பயந்து, எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். வந்து, "சரிம்மா" என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். அது அழவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டு கேட்டது, "அத்தை, நீங்க அன்னைக்கு அத்தானுக்காகவா கேட்டீங்க? வீட்ல உங்களுக்கு ஒரு ஆளு வேணும்னுதான கேட்டீங்க? அதுக்கு எதுக்குக் கல்யாணம்? என்னை வரச்சொன்னா நான் வரமாட்டேனா?"

இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். நான் உனக்குப் பெண் கேட்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்தபோது உன் முகம் கூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. வீட்டில் ஒரு ஓரம் காலியாக இருந்தது, அங்கே ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது. உன் பெயரைச் சொல்லி நான் எனக்குத் துணைக்கு ஆள் எடுத்தேன். ஏழு மாதமாக நீ ஆசையை வளர்த்தது என்னால். ரேவதி ஹாஜர் சொன்னது என்னால். இரண்டு பேரிடமும் தப்பு செய்தவள் நான்.

மாமாவிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். "கேட்டத எப்படிட்டீ திருப்பி எடுப்ப, அது என்ன சேலையா?" என்று குதித்தான். "ஆமா, சேலயும் கொண்டாந்திருக்கேன்" என்று அந்தக் கோடியை எடுத்து வைத்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம், ஆகாதாம். மதினி அலறிவிட்டாள். சேலையை என் பையிலேயே திணித்து, வாயில் பாதிக் கேசரியையும் திணித்து வெளியே அனுப்பினார்கள். மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவான். தாராவி மீன் அவனுக்கு விக்ரோலியில் கிடைக்காது.

போன சனிக்கிழமை ரேவதி போன் செய்தது. "அத்தை, இன்னைக்கு லீவு. வரட்டுமா?" இது என்ன கேள்வி, வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு உன் அப்பாவின் சட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் துவைத்து மடித்து வைக்கவேண்டும் போல் இருந்தது. தனியாக. ஏழு மாதமாகத் தள்ளி வைத்த வேலை அது. "இன்னைக்கு வேண்டாம்மா" என்றேன். தலைவலி, முட்டுவலி ஒன்றும் சொல்லவில்லை. "சரி அத்தை, நாளைக்குக் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லவில்லை. அப்புறம் சட்டைகளைத் துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து டிவிக்காரனுக்குப் பதில் சொன்னோம்.

இப்போது நீ. டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே. நிச்சயம் இல்லாவிட்டாலும் எனக்கு நீ இருக்கிறாய் அல்லவா, வந்து இருபது நாள் இரு. ரேவதியை ஏன் என்று கேட்காதே. உன் கூட்டாளிகளிடம் அதைப் பற்றித் தப்பாகப் பேசாதே. பேசுகிறவனை நிறுத்து. ஒரு நாள் நீயும் ஒரு பெண்ணிடம் நேராகக் கேட்பாய், யாரும் சுற்றி நிற்காத இடத்தில், அவள் இல்லை என்று சொன்னாலும் வீட்டுக்குப் பத்திரமாகப் போகலாம் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி. அவள் சரி என்றால் அந்த சரி உன்னுடையது. அதுவரைக்கும் எங்களில் யாரும் உனக்காகக் கேட்கமாட்டோம்.

நான் ரேவதியிடம் கேட்டேன், அவன் உனக்கு ஏதாவது எழுதலாமா என்று. யோசித்து, "சரின்னு ஒரு வார்த்த போட்டாப் போதும் அத்தை" என்றது. அந்த ஒரு வார்த்தையைப் போடு. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் வேண்டாம். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், டீ வாங்கப் போய் வந்த பிறகுதான் எனக்கு அது வாயில் வந்தது. போட்டுவிட்டு எனக்குப் போன் செய். எஸ்தர் அக்கா டிவியைக் குறைத்தால் குறைக்கட்டும். நீ திட்டவேண்டியதைத் திட்டு, அழவேண்டியதை அழு. நான் நடுவில் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

உன் அம்மா